கடிபடாத டாலர்

"ச்சு."

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிரித்தால் வருமே, அந்தச் சத்தம். புஷைப் அதை முதன்முதலில் கேட்டது சிறுவயதில், மொராக்கோவின் அல்-ஜதீதா கடைவீதியில். பிரான்சில் வேலை பார்த்த சித்தப்பா கோடை விடுமுறைக்கு வந்திருந்தார். ஒரு கத்தை பிராங்க் நோட்டுகளோடு பணம் மாற்றுகிறவன் முன்னால் நின்றார். அவன் ஒவ்வொரு நோட்டையும் வெயிலில் தூக்கிப் பார்த்து, மரணச் செய்தி சொல்ல வந்தவனைப்போலத் தலையை ஆட்டி, "ச்சு" என்றான். ஒவ்வொரு 'ச்சு'வுக்கும் சித்தப்பாவுக்கு வரவேண்டிய திர்ஹம் கொஞ்சம் இளைத்தது. வீதிக்கு வந்ததும் சித்தப்பா சொன்னார்: "எல்லை தாண்டுற பணத்தை எவனாவது ஒருத்தன் கடிக்காம விடமாட்டான்டா."

சித்தப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அந்தச் சத்தம் மட்டும் புஷைப்பின் காதைவிட்டுப் போகவில்லை. அஸம்மூர் தபால் நிலையத்தில் மணியார்டர் ஜன்னலுக்குப் பின்னால் வாழ்நாளைக் கழித்தார். வெளிநாட்டுப் பணம் வருகிறபோதெல்லாம் வாங்குகிறவருக்காக மனசுக்குள் ஒரு 'ச்சு' கொட்டிவிட்டுத்தான் முத்திரை குத்துவார். ஓய்வு பெற்றபின் கொட்டுவதற்குப் பிறத்தியார் பணம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க அவர் மனைவி ரஹீமோ வியாபாரத்தில் இறங்கினாள்.

வியாபாரம் என்றால், தேநீர்க் கெண்டிக்குக் கம்பளிச் சட்டை. கெண்டியின் மூக்குக்கு ஓர் ஓட்டை, கைப்பிடிக்கு ஓர் ஓட்டை, தலையில் ஒரு குஞ்சம். தெத்வானில் இருக்கும் அக்காள் மகள் இக்ராம் அவற்றைப் படம் எடுத்து ஏதோ ஓர் அமெரிக்க விற்பனைத் தளத்தில் போட்டாள். உலகம் இதற்காகவே காத்திருந்ததுபோல் வாங்கத் தொடங்கியது. டென்மார்க்கிலிருந்து ஒரு அம்மாள் நன்றி சொல்லிப் படம் அனுப்பியிருந்தாள். அதில் சட்டையைப் போட்டிருந்தது ஒரு பூனை. மூக்கு ஓட்டை வழியாக வால் வந்திருந்தது.

"பூனைக்கா போட்டிருக்கா?" என்றார் புஷைப்.

"பூனை காசு குடுக்கலையே. அவதான் குடுத்தா" என்றாள் ரஹீமோ.

விற்ற காசு டாலராகத் தளத்தின் பெட்டியில் சேரும். அங்கிருந்து அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் முதலில் யூரோவாக வேண்டும். ஏன் என்று யாருக்கும் தெரியாது, அப்படித்தான் வழி. அங்கே ஒரு கடி. யூரோ திர்ஹமாக வேண்டும். அங்கே இன்னொரு கடி. வங்கி வாசலைத் தாண்டியதற்காக ஒரு சின்னக் கிள்ளு. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதை வேதனையுடன் பார்த்துக்கொண்டிருந்தவர் புஷைப்தான். சம்பாதித்தவள் கவலைப்படவில்லை. "தேனெடுத்தவன் புறங்கையை நக்கத்தான் செய்வான்" என்று ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவளுக்குப் பழக்கம். தெத்வான்காரி. ஸ்பெயின்காரன் கையிலிருக்கும் ஸப்தா எல்லை கூப்பிடு தூரம். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பெசேத்தாவும் திர்ஹமும் மாறி மாறிப் புழங்குகிற கடைகளில் வளர்ந்தவள். அவளைக் கட்டிக்கொண்ட புதிதிலேயே புஷைப் ஒரு பாடம் படித்திருந்தார். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பெரியவர்கள் திர்ஹமில் பேசமாட்டார்கள், பழைய ரியாலில்தான் கணக்கு. அஸம்மூரில் ஒரு திர்ஹமுக்கு இருபது ரியால். வடக்கே தெத்வானில் இரண்டே ரியால். புதுப் பெண்டாட்டி ஒரு கூடை மத்தி மீனோடு வந்தாள். என்ன விலை என்றார். இருபது ரியால் என்றாள். ஒரே திர்ஹமில் ஒரு கூடை மீன் வாங்கி வந்த மனைவியின் சமர்த்தைத் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். அவள் சொன்னது தெத்வான் ரியால், கொடுத்தது பத்து திர்ஹம்; ஒரு திர்ஹமுக்கு ஒரு கூடை கேட்டுத் தெருவே போனதில் அன்று மாலை அந்த மீன்காரன் கடையில் அடிதடி நடந்தது. நாட்டு எல்லையைத் தாண்டாமல், கல்யாணத்தை மட்டும் தாண்டியதிலேயே பணம் பத்தில் ஒரு பங்காகிப்போன கதை அது.

அந்த அனுபவத்துக்குப் பிறகும் ஒரு தெத்வான்காரியிடம் மாற்று விகிதம் பேசலாம் என்று அவர் நினைத்தாரே, அதைத்தான் விதி என்பது.

ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது. ரஹீமோவின் அக்கா ஷாமா தெத்வானிலிருந்து வந்து நோன்பு மாதத்தை இங்கே கழிக்கப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஷாமா பலகாரங்களுக்கு நீதிபதி. மான்கொம்புப் பணியாரத்தின் நுனி துளி கூடுதலாகச் சிவந்தாலும் எடுத்துத் தட்டின் ஓரமாக வைத்துவிடுவாள். ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லாமல் வைப்பதுதான் தண்டனை. தெருமுனைப் பொது அடுப்புக்காரனோ போன மாதம் ரஹீமோவின் பணியாரத்தைக் கரிக்கொம்பாக்கிக் கொடுத்திருந்தான். ஆகையால் அவளுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட ஓவன் வேண்டும், அக்கா வருமுன் வேண்டும்.

புஷைப்புக்கு வேண்டியது ஜப்பான் ரீல். தூண்டில் கம்பில் மாட்டுகிறதே, அந்த ரீல். உம்முர்ரபீஆ ஆறு கடலில் கலக்கிற இடத்தில் அவரும் நண்பர் மஃபத்தலும் தினமும் மடவை மீனுக்குத் தூண்டில் போடுவார்கள். மஃபத்தலிடம் ஜப்பான் ரீல் இருந்தது. வெண்ணெயில் கத்தி போவதுபோலச் சுழலும். புஷைப்பின் ரீல் சுழலும்போது காபி அரைக்கிற சத்தம் வரும். மீன்கள் எழுந்து போய்விடும். "சத்தமே இல்லாத ஊர்ப்பா ஜப்பான்" என்று மஃபத்தல் தினமும் ஒருமுறையாவது சொல்வார். அவர் ஜப்பானைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

தபால் சேமிப்பில் புஷைப்பிடம் கொஞ்சம் திர்ஹம் இருந்தது. அதை வைத்து வெளிநாட்டில் வாங்கினால் திர்ஹம் யூரோவாகி, யூரோ டாலராகி, போகும் வழியெல்லாம் கடி. மனைவியின் டாலர் உள்ளே வரும்போது கடிபடுகிறது. தன் திர்ஹம் வெளியே போகும்போது கடிபடுகிறது. இரண்டும் எதிரெதிராக ஒரே பாதையில் நடந்து, ஒரே நாயிடம் கடி வாங்குகின்றன. ஒரு நாள் காலை, முகச்சவரம் பாதியில் இருக்கும்போது, அவருக்கு ஞானம் பிறந்தது. இரண்டையும் வீட்டுக்குள்ளேயே மாற்றிக்கொண்டால் என்ன? டாலர் அங்கேயே இருக்கட்டும், அதில் ரீல் வாங்கலாம். திர்ஹம் இங்கேயே இருக்கட்டும், அதில் ஓவன் வாங்கலாம். நாய்க்கு ஒன்றுமில்லை.

"இந்த வீட்டுப் பணத்துல இனி ஒருத்தன் பல்லு படக்கூடாது" என்று கண்ணாடியிடம் சபதம் செய்தார். அது நல்ல யோசனைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். சவரம் முடிவதற்குள் இன்னொரு யோசனையும் சேர்ந்துகொண்டது.

"லல்லா ரஹீமோ" என்று ஆரம்பித்தார் காலை உணவின்போது.

"லல்லான்னு மரியாதையா ஆரம்பிச்சா ஏதோ கேக்கப்போறீங்கன்னு அர்த்தம். நானும் மரியாதையாவே கேக்கிறேன், சொல்லுங்க, சி புஷைப்."

"உன் பெட்டியில எவ்வளவு டாலர் இருக்கு?"

"இருக்கு."

"அதான், எவ்வளவு?"

"உங்க சேமிப்புல எவ்வளவு இருக்குன்னு எனக்குச் சொன்னீங்களே, அவ்வளவு."

அவர் சொன்னதே இல்லை. எனவே வேறு வழியில் போனார். தட்டிலிருந்து பத்து ஆலிவ் காய்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

"இது உன் டாலர். பத்து திர்ஹம் பெறும். சரியா? இப்போ யூரோ ஆகுது." ஒரு காயை வாயில் போட்டுக்கொண்டார். "இப்போ திர்ஹம் ஆகுது." இன்னொன்றைப் பாதி கடித்து மீதியை வைத்தார். "கடைசியில உன் கைக்கு வர்றது எவ்வளவு?"

"எட்டரை."

"பாத்தியா அநியாயத்தை!"

"பாத்தேன். தின்னது நீங்க."

"உதாரணத்துக்குடி! இப்போ நான் என்ன சொல்றேன்னா, பேங்க் வேண்டாம், யூரோ வேண்டாம். உன் முந்நூறு டாலரை என் ரீலுக்குக் குடு. டாலருக்கு எட்டரை திர்ஹம் வீதம் நான் கையில தர்றேன், இப்பவே. நீ ஓவன் வாங்கிக்க."

ரஹீமோ தேநீரைத் தூக்கி ஊற்றினாள். கோப்பையில் நுரை எழும்பியது.

"பத்து பெறும்னீங்க."

"பெறும். ஆனா உன் கைக்கு வர்றது எட்டரைதானே? நானும் எட்டரை தர்றேன். உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல."

"லாபம்?"

"நஷ்டம் இல்லாததே லாபம்தான்."

"அந்த ஒண்ணரை?"

"எந்த ஒண்ணரை?"

"தின்னீங்களே."

புஷைப் தொண்டையைக் கனைத்தார். "அது… மிச்சம் பிடிச்ச புத்திக்குக் கூலி. யோசனை யாருது?"

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்து அவர் பார்த்ததில்லை. "சரி" என்றாள். அவர் அப்போதே பயந்திருக்க வேண்டும். அவர் மகிழ்ந்தார்.

"ரெண்டே விஷயம்" என்றாள். "திர்ஹம் முதல்ல என் கைக்கு வரணும். அப்புறம், பெட்டி என் பேர்ல இருக்கு. நீங்க எதை வேணா பாருங்க, பட்டனை நான்தான் அமுக்குவேன்."

"அமுக்கு, அமுக்கு. ஆம்பளைக்கு எதுக்குப் பட்டன்?"

அன்று பிற்பகலே கைவண்டியில் ஓவன் வந்து இறங்கியது. சாயந்திரம் வீட்டில் பாதாம் வாசனை நிறைந்தது. புஷைப் கண்ணாடிக் கதவுக்குள் பணியாரம் பொன்னிறமாவதை உட்கார்ந்து பார்த்தார். ஒரு திரைப்படம்போல இருந்தது. தன் புத்தியை நினைத்துக் கொஞ்சம் கண் கலங்கினார்.

மறுநாளிலிருந்து ரீல் தேடும் படலம். விலை என்னவோ முந்நூறுக்குள்தான். ஆனால் ஜப்பானிலிருந்து கப்பல் கூலி தனி. வந்து சேர்ந்ததும் சுங்கவரி தனி. சுங்கம் எவ்வளவு என்பது அங்கே உட்கார்ந்திருப்பவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது என்று மஃபத்தல் பயமுறுத்தி வைத்திருந்தார். புஷைப் கைக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு 'ச்சு', 'ச்சு' என்று கொட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள பல்லி இருக்கா?" என்றாள் ரஹீமோ, பின்னலிலிருந்து தலை தூக்காமல்.

"கப்பல் கூலியைக் கூட்டினா எட்டாம போகுது."

"அப்போ ஏன் ஜப்பானுக்குப் போறீங்க? ஜப்பான் ரீல் நம்ம நாட்டுக்குள்ளயே எங்கயாவது இருக்கான்னு பாருங்க. கப்பலும் இல்ல, சுங்கமும் இல்ல."

"நம்ம நாட்டுல இருக்கிறவன் டாலர்ல எதுக்குடி விப்பான்?"

"உங்கள மாதிரி ஒரு புத்திசாலி இருக்கமாட்டானா? கடிக்குத் தப்பிக்கிறவன்?"

அதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. புத்திசாலிகள் உலகெங்கும் தனித்தனியாகத்தான் பிறக்கிறார்கள், அஸம்மூரில் ஒருவர் பிறந்தால் வேறெங்கோ இன்னொருவரும் இருப்பார். தேடினார். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் இருந்தது.

ஜப்பான் ரீல். குறைவாகப் புழங்கியது. மொராக்கோவுக்குள் எங்கானாலும் வீட்டு வாசலில் ஒப்படைப்பு. விலை சரியாக முந்நூறு டாலர். விற்பவர் பெயர்: வடக்குக் காற்று.

"ஒரு சென்ட் கூட இல்ல, ஒரு சென்ட் குறைவும் இல்ல! அல்லாஹ் எழுதிவெச்சது" என்றார் புஷைப்.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் ரஹீமோ, கைப்பேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

கேட்ட விலையைக் கொடுப்பவன் ஆண்மகனா? புஷைப் செய்தி அனுப்பினார்: இருநூறு டாலர். உடனே ஆணையிட்டுப் பதில் வந்தது: வல்லாஹி, வாங்கின விலையே வராது. இவர்: இருநூற்று முப்பது, அதற்கு மேல் என் பிள்ளைகள் பட்டினி. அவன்: பிள்ளைகளுக்கு மீன் பிடித்துக் கொடுங்கள், அதற்குத்தான் ரீல். இவர்: நான் நடந்து போய்விடுவேன். அவன்: போகிற வழியில் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். கடைசியில் வீட்டு ஒப்படைப்பு இலவசம் என்ற நிபந்தனையின் பேரில் முந்நூறுக்கே படிந்தது. ஒப்படைப்பு முன்பே இலவசம்தான். ஆனாலும் தன் வாயால் வாங்கியது போலாகுமா?

"பலே கெட்டிக்காரன்" என்று வியந்தார்.

"எவன்?" சமையலறையிலிருந்து குரல்.

"இந்த வடக்குக் காற்று."

"ஆம்பளையா?"

"என்னையே நிக்க வெச்சுப் பேரம் பேசுறான், பின்ன பொம்பளையாவா இருப்பான்?"

ரஹீமோ கையைத் துடைத்துக்கொண்டு வந்து பட்டனை அமுக்க உட்கார்ந்தாள். அப்போது திரையில் ஒரு கேள்வி வந்தது. டாலரில் செலுத்துகிறீர்களா, அல்லது உங்கள் சொந்த நாணயமான மொராக்கோ திர்ஹமில் செலுத்துகிறீர்களா? பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி, நடுவே பச்சை நட்சத்திரம்.

புஷைப் எழுந்து நின்றுவிட்டார். வாழ்நாள் முழுக்கத் திர்ஹமை எண்ணியவர். அமெரிக்காக்காரனின் பக்கத்தில், தன் வீட்டு முக்காலிமேல் இருந்த திரையில், அதன் பெயரைப் பார்த்ததே இல்லை.

"திர்ஹம்" என்றார்.

"வேண்டாங்க."

"திர்ஹம்னு சொல்றேன்."

"பெட்டியில இருக்கிறது டாலர். விக்கிறவன் கேக்கிறது டாலர். நடுவுல திர்ஹம் எதுக்கு?"

"மரியாதைக்கு! அவனே கேக்கிறான் பாரு, உங்க சொந்தப் பணத்துல குடுங்கன்னு."

"ஸப்தாவுல கடைக்காரன் இப்படித்தான் கேப்பான். 'திர்ஹமே குடுங்க, அம்மா, பரவாயில்ல'ன்னு. எங்க அத்தை காதுலயே வாங்காம பெசேத்தாவை எண்ணி வெப்பா. நம்ம பணத்தை அவன் வாங்கிக்கிறேன்னா, என்ன விலைக்குன்னு அவன்தான் சொல்லுவான்."

"அது ஸப்தா. இது அமெரிக்கா."

"கடைக்காரனுக்கு ஏதுங்க ஊரு?"

"பட்டனைத்தான் உன்கிட்ட விட்டேன், தேசத்தை இல்ல. அமுக்கு!"

அமுக்கினாள். பெட்டியிலிருந்த டாலர் எழுந்து திர்ஹம் ஜிலாபா அங்கியைப் போட்டுக்கொண்டது. வாசல்வரை நடந்தது. விற்றவன் டாலர் கேட்டிருந்ததால் அங்கேயே ஜிலாபாவைக் கழற்றிவிட்டு மறுபடி டாலராக வெளியே போனது. போட்டதற்கு ஒரு கூலி, கழற்றியதற்கு ஒரு கூலி. திரை கணக்குக் காட்டியது: முந்நூற்று இருபத்தெட்டு டாலர்.



"நீங்க வாங்கினது முந்நூறு" என்றாள் ரஹீமோ. "மேல இருக்கிற இருபத்தெட்டு என்னுது."

"குடுத்துடறேன். எட்டரை வீதம்…"

"பன்னெண்டு."

"பன்னெண்டா! ஊர்ல பத்துதானடி!"

"ஊர்ல எட்டரைன்னு அன்னைக்குச் சொன்னாங்க. அது வாங்குற விலை. இது விக்கிற விலை. பெருநாளைக்கு முன்னாடி, கடைசி பஸ் கிளம்புற நேரத்துல, எங்க ஊர்ல இப்படித்தான் இருக்கும்."

"இங்க எங்கடி பஸ் கிளம்புது?"

"உங்க முகத்தைப் பாத்தா கிளம்புற மாதிரி இருந்துச்சு."

கொடுத்தார். சபதம் செய்த வாய். நாய்க்குக் கொடுக்கவில்லை, வீட்டுக்குள்தானே போகிறது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டார்.

இரண்டு நாளில் வாசலில் ஒரு பொட்டலம் இருந்தது. கூரியர்காரனை யாரும் பார்க்கவில்லை. உள்ளே காகிதத்துக்குள் காகிதமாகச் சுற்றி, நடுவே ரீல். சுழற்றினார். சத்தமே இல்லை. சத்தமில்லாத அந்தச் சுழற்சியைக் காதருகே வைத்து வெகுநேரம் கேட்டார். நோன்புக்கு இன்னும் சில நாள் இருக்க, அன்றைக்குத்தான் ஷாமா வந்து சேர்ந்தாள். பணியாரத்தட்டு காலியானதையும் ஓரத்தில் ஒன்றுகூட ஒதுக்கப்படாததையும் ரஹீமோ பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சந்தோஷமாக இருந்தது அபூர்வம். அது ஒரு முழு நாள் நீடித்தது.

மறுநாள் புஷைப் ஆற்றங்கரைக்குப் போனார். மஃபத்தலுக்குப் பக்கத்தில் உட்காராமல், அவர் கண்ணில் படும்படி ஒரு பாறைமேல் நின்று தூண்டிலை வீசினார். ரீல் வெண்ணெயாகச் சுழன்றது.

"வாய்யா புஷைப்" என்றார் மஃபத்தல். அவர் கையில் வெறும் நூலும் கொக்கியும் இருந்தன. "பிடிச்சிருக்கா?"

"என்னது?"

"ரீலு. கொஞ்சம் மெதுவாச் சுத்து. வலப்பக்கம் இழுக்கும் அது."

புஷைப் சுழற்றுவதை நிறுத்தினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"என் ரீல் எனக்குத் தெரியாதா? அடியில பாரு, என் பேரோட முதல் எழுத்து கீறியிருக்கும். உன் வீட்டம்மா சொல்லலையா? அய்யய்யோ, பெருநாள் பரிசோ? நான் வாயைத் திறந்துட்டேனா?"

அடியில் பார்த்தார். கீறியிருந்தது.

"எப்போ வித்தே?"

"போன வாரம் வந்து கேட்டாங்க. நான் தரமாட்டேன்னுதான் சொன்னேன். ஆயிரத்து நானூறு திர்ஹம்னாங்க, ரொக்கம். பெண்கள் சீட்டு அவங்களுக்கு விழுந்துச்சாம். ஆயிரத்து நானூறுக்கு நான் என்னையே குடுப்பேன். நான் அதை வாங்கினதே எழுநூறுக்கு."

"ஜப்பான்லயா?"

"ஜப்பானா? அல்-ஜதீதா பழைய சாமான் சந்தையில. ஜப்பான்னு மேல எழுதியிருக்கு பாரு."

புஷைப் பாறையிலிருந்து இறங்கினார். வீடு வரும்வரை யாருக்கும் சலாம் சொல்லவில்லை. கூடத்தில் ரஹீமோ பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஷாமா. அவர் ரீலை முக்காலியின்மேல் வைத்தார்.

"வடக்குக் காற்று யாரு?"

"இக்ராம் புதுசா ஒரு கடை திறந்திருக்கா, அந்தத் தளத்துலயே. அவ பேர்ல" என்றாள் ரஹீமோ.

"அப்போ அந்த முந்நூறு டாலர்?"

"இக்ராம் பெட்டியில இருக்கு. எனக்காக வெச்சிருக்கா. தளத்துக்காரன் முப்பது எடுத்துக்கிட்டான்."

"அது உன் டாலர். நான் வாங்கின டாலர். அது மறுபடி உன்கிட்டயேவா?"

"எல்லையே தாண்டல பாருங்க. எல்லையில ஒரு நாயும் கடிக்கல. நீங்க சபதம் பண்ணினது அதுதானே?"

"ஓவனும் உன்னுது."

"ஆமா."

"டாலரும் உன்னுது."

"ரீல் உங்களுது" என்றாள் அவள். "புதுசா ஜப்பான்ல வாங்கியிருந்தா சுங்கத்தோட நாலாயிரம் ஆகியிருக்கும். உங்களுக்கு மூவாயிரம்கூட ஆகல. நஷ்டம் இல்லாததே லாபம்தான்."

"ஆயிரத்து நானூறு சாமானைப் போயி…!"

"யோசனைக்குக் கூலி" என்றாள் ஷாமா. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்து, மென்று, விழுங்கினாள். "எங்க ஊர்ல டாலருக்கு எட்டரைன்னு சொல்றவனை வாசப்படியே ஏறவிடமாட்டாங்க, சி புஷைப். இவ தேநீர் குடுத்திருக்கா."

புஷைப்புக்கு உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தார். அக்கா அங்கிருப்பதை மறந்ததுபோல, மெல்லக் கேட்டார்: "என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

ரஹீமோ ஊசியை நிறுத்தினாள். அவள் பின்னுவதை நடுவில் நிறுத்தி அவர் பார்த்தது அபூர்வம்.

"நீங்க பத்துன்னு சொல்லியிருந்தா, ரீலை நானே வாங்கிக் குடுத்திருப்பேன்" என்றாள். "அன்னைக்கே. காபி அரைக்கிற சத்தத்தை எத்தனை வருஷமா நானும் கேக்கிறேன். எட்டரைன்னு சொன்னீங்க."

  முப்பத்தெட்டு வருஷம் ஒரே கெண்டியில் தேநீர் குடித்தவர்களுக்கு இடையில் ஒன்றரை திர்ஹம் எவ்வளவு தூரம் என்று எந்த வங்கியும் சொல்வதில்லை. ஊசி மறுபடி நகர்ந்தது. அவள் இன்னொரு கோப்பை ஊற்றி அவர் பக்கம் தள்ளினாள். அவர் குடித்தார்.

ரமலான் முழுக்க அவர் அந்த ரீலோடுதான் ஆற்றுக்குப் போனார். மீன் விழுந்தால் "நான் சொன்னேன்ல, அது நல்ல ரீல்" என்பார் மஃபத்தல். விழாவிட்டால் "வலப்பக்கம் இழுக்கும், சொன்னேன்ல" என்பார். மெதுவாக என்பார், இப்போ வேகமாக என்பார், எண்ணெய் போட்டியா என்பார். தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாமனாரைப்போல அதன் நலம் விசாரித்தார். பெருநாள் கழிந்ததும் புஷைப்பால் முடியவில்லை. விற்றுவிடலாம் என்று ரஹீமோவிடம் சொன்னார். அவளே பேசி முடித்தாள். கைக்குக் கை, திர்ஹமுக்குத் திர்ஹம், அறுநூறு. அதில் தரகு ஐம்பது எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தாள்.

மஃபத்தல் இன்றைக்கும் அந்த ரீலில்தான் மீன் பிடிக்கிறார்.